மாறனின் முதுகு

அந்த வாரம் டாக்டர் சுடர்க்கொடியின் முன்னால் வந்து உட்கார்ந்த ஆண்கள் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் தொட்டுக் காட்டினார்கள். வலப்பக்க இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பை ஒட்டி, கட்டைவிரல் பதியும் அளவுக்கு ஓர் இடம். ஒருவர் வங்கி அதிகாரி, ஒருவர் பால் வண்டி ஓட்டுபவர், ஒருவர் நாடகத்தில் நடிப்பவர். தொழிலும் வயதும் வேறு வேறு. விரல் போய் நின்ற இடம் மட்டும் ஒன்றாகவே இருந்தது.

எல்லோருக்கும் அழகான உடம்பு. அந்தக் காலத்தில் அது ஆச்சரியமில்லை. 'மேனி' நிறுவனத்தின் ஊசி வந்து பத்து வருடங்களுக்கு மேலாகியிருந்தது. தோளிலும் தொடையிலும் முதுகிலும் சில ஊசிகள், பிறகு மூன்று மாதம் நன்றாகச் சாப்பிட வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும். அவ்வளவுதான். எடை தூக்க வேண்டாம், ஓட வேண்டாம். ஜவுளிக்கடையில் சட்டை எடுப்பதைப் போல உடம்பைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வளவன், செழியன், மாறன் என்று மாதிரிகளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். எல்லோரும் கேட்டது மாறனைத்தான். அகன்ற தோள், ஒடுங்கிய இடுப்பு, வயிற்றில் வரி வரியாகக் கட்டு. அதையெல்லாம்விட, நிற்கும்போது ஒரு காலில் லேசாகச் சாய்ந்தாற்போல ஓர் ஒயில். அந்தச் சாய்வுக்காகவே மாறனைக் கேட்டு வந்தவர்கள் உண்டு. மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்ததும் பெண்வீட்டார் "மாறனா?" என்று கேட்பது, என்ன வேலை என்று கேட்பதைப் போலச் சாதாரணமாகிவிட்டிருந்தது.

வந்தவர்களின் முதுகுப் படங்களைச் சுடர்க்கொடி திரையில் வரிசையாக வைத்துப் பார்த்தாள். முதுகெலும்பின் வலப்பக்கத் தசை இடப்பக்கத்தைவிடத் தடித்திருந்தது. எல்லோருக்கும் அதே அளவு தடிப்பு. எலும்பு அந்தப் பக்கமாக வளையத் தொடங்கியிருந்தது. ஸ்கேன் எடுக்கும் மணிமேகலை பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "ஒரே ஆளை ஏன் மேடம் இத்தனை தடவை எடுக்கச் சொல்றீங்க?" என்று கேட்டாள்.

சுடர்க்கொடி ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவளுக்குத் தன் கணவன் பரிதியின் நினைவு வந்துவிட்டது.

பரிதி ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியன். சிறுவயதில் ஒல்லியாக இருந்ததால் வகுப்பில் அவனுக்கு ஈர்க்குச்சி என்று பெயர். கல்யாணத்துக்கு முந்தைய வருடம் மாறன் ஊசி போட்டுக்கொண்டான். அவனுடைய நண்பர்கள் எல்லோரும் போட்டிருந்தார்கள். அவளைப் பார்க்க முதன்முதலாக வந்தபோது அவன் வாசற்கதவருகே ஒரு காலில் சாய்ந்து நின்ற விதம் அவளுக்குப் பிடித்துப்போனது. அதை அவனிடமும் சொல்லியிருக்கிறாள்.

அன்று மாலை சமையலறையில் கீழ்த்தட்டிலிருந்து அரிசி டப்பாவை எடுக்கக் குனிந்தவன் நிமிரவில்லை.

"சுடர், கொஞ்சம் கை குடேன்" என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நெற்றியில் வியர்த்திருந்தது.

அவனைப் பிடித்து நிமிர்த்தி நாற்காலியில் உட்காரவைத்தாள். சட்டையை உயர்த்தி, எதுவும் கேட்காமல் வலப்பக்க இடுப்புக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அவன் பல்லைக் கடித்தான்.

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா. உட்கார்ந்துக்கிட்டேதான் பாடம் எடுக்கிறேன்."

"டாக்டரைக் கல்யாணம் பண்ணிட்டு டாக்டர்கிட்டயே சொல்லாம இருந்திருக்க."

"சொன்னா ஊசியைப் பத்திப் பேச வேண்டி வரும்" என்றான் பரிதி. "அதான்."

*

'மேனி' நிறுவனத்தின் ஆய்வுத் தலைவர் சுதர்சனம் அவளை மரியாதையாகவே வரவேற்றார். அறுபதைத் தொட்டிருப்பார். அவள் கொண்டுபோன படங்களை அவசரப்படாமல் பார்த்தார்.

"மாறனைக் கணினிதான் வடிவமைச்சது, டாக்டர். ஆயிரக்கணக்கான உடம்புகளோட சராசரி."

"சராசரிக்கு ஒரு கால் குட்டையா இருக்குமா சார்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த முதுகு இடது கால் குட்டையான ஒருத்தரோடது" என்றாள் சுடர்க்கொடி. "சின்ன வயசிலயே அப்படி ஆகியிருக்கணும். விழாம நிக்கிறதுக்காக அவர் உடம்பு வலப்பக்கத்தை வளர்த்துக்கிட்டிருக்கு. அவருக்கு அது உதவி. ரெண்டு காலும் சரியா இருக்கிறவங்களுக்கு அதைக் குடுத்தா, இல்லாத குட்டைக் காலுக்காக முதுகு நாள் பூரா இழுத்துக்கிட்டே இருக்கும். ஊர்ல எல்லாரும் ரசிக்கிற அந்தச் சாய்வு, ஒருத்தர் நொண்டாம இருக்கப் பட்ட பாடு."

சுதர்சனம் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மூடி மறைக்கிற மனிதராக அவர் தெரியவில்லை. இத்தனை நாள் யாரும் கேட்காததால் சொல்லாமல் இருந்தவர் போலிருந்தார்.

"கணினி போட்ட உடம்பு எதுவும் நிக்கலைம்மா. வரைபடத்துல அழகா இருக்கும். ஆள் நாலு படி ஏறினா தசை கிழிஞ்சிடும். வாழ்ந்த உடம்புதான் வேணும்னு அப்பதான் புரிஞ்சுது. சினிமாவுக்கு உடம்பு நடிகர்களைப் படம்பிடிச்சு வெச்சிருந்த ஒரு ஸ்டுடியோவை நிறுவனம் வாங்கியிருந்தது. கதாநாயகனோட முகம், இன்னொருத்தரோட உடம்பு. அப்படி ஒரு காலம் இருந்ததே. அதுல இருந்த ஒருத்தர்தான் மாறன்."

"அந்தத் தசையைக் கரைச்சிட முடியாதா?"

"முடியாது. சொந்தத் தசையோட பின்னிப்போயிருக்கு. கரைச்சா ரெண்டும் சேர்ந்து போயிடும். அப்புறம் எழுந்து நிக்கவே முடியாது. வேற ஆளோட வரைபடத்தைப் போட்டாலும் ஏத்துக்காது. சோதிச்சுப் பார்த்திருக்கோம்." கொஞ்சம் தயங்கினார். "ஊன்றின தசை, யாருடையதோ அவருக்குத்தான் கட்டுப்படும். அவர் இப்ப உயிரோட இருந்து, அந்த முதுகு காலப்போக்குல நேராகியிருந்தா, அந்த வரைபடத்தை வெச்சு எல்லாரையும் நேராக்கலாம். இல்லேன்னா இவங்கள்ல பாதிப் பேர் அம்பது வயசுக்குள்ள படுக்கையில விழுந்திடுவாங்க."

"அவர் பேர் என்ன?"

"அருமைநாயகம். பாளையங்கோட்டைக்காரர்."

*

பரிதியும் வருவேன் என்றான். ரயிலில் படுத்துக்கொண்டே வந்தான். பாளையங்கோட்டையில் இறங்கி விசாரித்தபோது அருமைநாயகத்தைத் தெரியாதவர்கள் இல்லை. பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். அன்று ஒரு கல்யாண மண்டபத்தில் சாமான் இறக்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

மண்டபத்தின் சமையல்கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரத்தரையில் நாலைந்து பேர் அண்டாக்களை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, முதுகைக் காட்டியபடி, பனியனும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக ஒருவர் வெறுங்காலுடன் நின்று கை நீட்டி வேலை சொல்லிக்கொண்டிருந்தார். பருத்த உடம்பு. பின்தலை வழுக்கை. பக்கவாட்டில் தொப்பை தெரிந்தது.

சுடர்க்கொடி வாசலிலேயே நின்றுவிட்டாள். எடை முழுவதும் வலது காலில். இடது குதிகால் தரையை விட்டுத் துளி எழுந்திருக்கிறது. வலது தோள் ஒரு விரற்கடை இறக்கம். ஒன்பது வருடமாகத் தன் வீட்டுச் சமையலறையில், குளியலறைக் கண்ணாடி முன்னால், மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அவள் பார்த்து வந்த முதுகு. முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் அதைப் பார்த்ததும் அவளுக்கு வெட்கம் போல ஏதோ ஒன்று வந்தது.

பக்கத்தில் நின்ற பரிதியும் பார்த்துவிட்டான். அவன் நின்றுகொண்டிருந்ததும் அப்படித்தான். சட்டென்று இரண்டு கால்களையும் சேர்த்து நிமிர்ந்து நிற்க முயன்று, வலி தாங்காமல் மறுபடியும் சாய்ந்தான்.

அருமைநாயகம் திரும்பினார். "வாங்க. எந்தக் கல்யாணம்?"

"கல்யாணத்துக்கு இல்லைங்க. உங்களைப் பார்க்கத்தான் சென்னையிலிருந்து வந்திருக்கோம். நான் டாக்டர்."

"எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று சிரித்தார். பிறகு பரிதியைப் பார்த்தார். சிரிப்பு மெதுவாக நின்றது. இரண்டடி முன்னால் வந்து அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பிக்குக் கால்ல அடியா?"

"இல்லைங்க" என்றான் பரிதி.

"பின்ன ஏன் என்னைய மாதிரி நிக்கிய?"

*

அருமைநாயகத்தின் வாடகைக் கடையில் அவருடைய மனைவி ஜெயராணி நாற்காலி போட்டு, ஆளுக்கொரு கலர் சோடா உடைத்துக் கொடுத்தாள். வியாபாரம் முழுவதும் அவள் கையில்தான் என்பது பார்த்ததுமே தெரிந்தது. சுடர்க்கொடி எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அருமைநாயகம் குறுக்கே பேசவில்லை.

"எத்தனை பேரு?" என்றார் கடைசியில்.

"நாலு லட்சத்துக்கு மேல."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு வயசுல லாரி இடிச்சுத் தொடை முறிஞ்சது. சேந்துச்சு, ஆனா குட்டையாச் சேந்துச்சு. பையன்க கேலி பண்ணாம இருக்கணும்னுதான் உடம்பை ஏத்தினேன். சென்னைக்குப் போன வருஷம் கைதான் எல்லாருக்கும் வேணும். சட்டையை மடிச்சுவிட்டா நரம்பு தெரியணும். ரெண்டு வருஷத்துல கையை ஏறெடுத்துப் பாக்க ஆளில்ல, வயிறு வேணும்னாங்க. ஆறு கட்டு இருந்தா எட்டு இருக்கான்னு கேட்டாங்க. பொறவு முதுகு. பொறவு ஒரு டைரக்டர் வந்து, இதெல்லாம் பழசு, பட்டினி கெடந்தவன் மாதிரி வேணும்னாரு. ஒவ்வொரு தடவையும் இதுதான் ஆம்பள உடம்புன்னு சத்தியம் பண்ணுவாங்க. பழைய கருப்பு வெள்ளைப் படத்துல பாருங்க, கதாநாயகனுக்குக் கன்னமும் கையும் கொழுகொழுன்னு இருக்கும். அந்தக் காலத்துல அதுக்கும் கூட்டம் அலைமோதியிருக்கு. கோயிலுக்குப் பாத்திரம் கொண்டுபோவேன், வாசல்ல துவாரபாலகர் நிக்காரு. தோள் இருக்கு, தொடை இருக்கு. வயித்துல ஒரு கோடு கெடையாது. உளிய வச்சிருந்தவனுக்குக் கோடு போடவா தெரியாது? வேண்டாம்னு விட்டிருக்கான்."

"உங்க நிலையைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"அதுதான் அழகுன்னாங்க. எனக்குச் சிரிப்பா வரும். போஸ்டர்ல வேற எவன் மூஞ்சியோ இருக்கும். எங்கம்மா மட்டும் பஸ்ஸுல போகும்போது பாத்துட்டு, அது எம்மவன் நிக்கது அப்படின்னு சொல்லியிருக்காங்க. பக்கத்துல இருந்தவங்க நம்பல."

"இப்ப உங்களுக்கு முதுகு வலி உண்டா?"

"கெடையாது. இவதான்." மனைவியைக் காட்டினார். "கல்யாணம் ஆன மாசமே இடது செருப்புக்கு அடி உயர்த்தித் தச்சுக் குடுத்தா. அதைப் போட்டுத்தான் இத்தனை வருஷம் நடக்கேன். வெறுங்காலாத் தரையில நின்னா மட்டும் கால் பழைய புத்தியக் காட்டும். முதுகு எப்பவோ நேராயிருச்சு."

சுடர்க்கொடி அவருடைய முதுகைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேட்டாள். இரண்டு பக்கமும் சமமாக இருந்தன. சுதர்சனம் சொன்னது அப்படியே கண்ணெதிரே இருந்தது. அதே தசை, நேராக நிற்கக் கற்றுக்கொண்ட தசை.

என்ன செய்ய வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். மயக்க மருந்து கொடுத்து உடம்பில் பல இடங்களில் தசைத் துணுக்குகள் எடுக்க வேண்டும். பல மாதங்களுக்குப் பாரம் தூக்கக் கூடாது.

"முடியாது" என்றாள் ஜெயராணி.

காலிப் பாட்டில்களை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"டாக்டரம்மா, நீங்க நல்லவங்களாத் தெரியுதீங்க. ஆனா இது முடியாது. படம் எடுக்கதுக்கு ரெண்டு நாள் முன்ன இவருக்குத் தண்ணி குடுக்க மாட்டாங்க. தோல் ஒட்டினாத்தான் கட்டு தெரியுமாம். வெயில்ல நிக்க வச்சு எடுத்தாங்க. கடைசிப் படத்துல அங்கனயே விழுந்தாரு. ஒரு கிட்னி போச்சு. இன்னொண்ணு பாதிதான் வேலை செய்யுது. இந்த உடம்பை இவரு ஒரு தடவை குடுத்தது போதும்."

சுடர்க்கொடிக்கு இது தெரியாது. ஒரே சிறுநீரகம், அதுவும் பாதி. மயக்க மருந்து என்றால் சின்ன விஷயமில்லை. அவள் வாயெடுப்பதற்குள் பரிதி பேசினான்.

"அக்கா சொல்றது சரிங்க. நான் ஒல்லியா இருந்தேன்னு வெட்கப்பட்டுத்தான் இதைப் போட்டுக்கிட்டேன். யாரும் கட்டாயப்படுத்தலை. எனக்காக இன்னொருத்தர் திரும்பப் படுக்கணும்னு கேட்க எனக்கு வாய் வரலை. நாங்க கிளம்புறோம், சுடர்."

எழுந்திருக்க முயன்றான். முடியவில்லை. அருமைநாயகம் எழுந்துவந்து அவனுடைய அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்.

"சட்டையக் கழட்டுங்க தம்பி."

பரிதி மனைவியைப் பார்த்தான். பிறகு கழற்றினான். அருமைநாயகம் அவனைத் திருப்பி நிறுத்தி, அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே யாரோ நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. தோளிலிருந்து இடுப்புவரை மெல்லக் கையை ஓட்டினார். அவர் ஒருநாளும் பார்த்திராத பக்கம் அது, அவருடைய இருபத்தாறு வயது முதுகு.

"நல்லாத்தான் இருந்திருக்கேன்" என்றார். கட்டைவிரலை ஓரிடத்தில் வைத்தார். "இங்கனதானே?"

"ஆமாங்க."

"காலையில எந்திரிச்சதும் தெரியாது. பத்து மணிக்கு மேல பிடிக்கும்."

"ஆமாங்க."

"குனியதுகூடப் பரவால்ல, நிமிருகதுதான் கஷ்டம்."

பரிதி தலையை மட்டும் ஆட்டினான். அவன் தோள்கள் குலுங்கின. ஜெயராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அருமைநாயகம் அவனுடைய சட்டையை எடுத்துக் கொடுத்தார். "ஜெயா" என்றார். "அப்ப நான் குடுக்கல. எவனோ எடுத்துக்கிட்டான். நாலு லட்சம் பேருக்குப் போயிருக்குன்னு இன்னைக்குத்தான் எனக்கே தெரியுது. இப்ப குடுத்தா, அது நான் குடுக்கது. ரெண்டும் ஒண்ணில்ல."

"கிட்னி?"

"அதுக்குத்தான் நீ கூட வரப்போறியே."

பிறகு சுடர்க்கொடியின் பக்கம் திரும்பினார். "எனக்கு ரெண்டு காரியம் வேணும். ஒண்ணு, நோவு உள்ளவனுக்கு மட்டும் போடணும். அழகுக்குப் போடக் கூடாது. ரெண்டாவது, அதுக்கு மாறன், தேறன்னு பேர் வைக்கக் கூடாது. என் பேரை வைக்கணும். கால் குட்டைங்கதையும் எழுதணும்."

"எழுத வைக்கிறேன்" என்றாள் சுடர்க்கொடி. "அவங்க ஒத்துக்கலைன்னா, இந்தப் படங்களை எல்லாப் பத்திரிகைக்கும் நானே கொடுக்கிறேன்."

கொடுக்க வேண்டி வரவில்லை. அவள் சொன்ன நிபந்தனைகளைச் சுதர்சனம் நிறுவனத்தின் கூட்டத்தில் வைத்தார். ஒத்துக்கொள்ளாவிட்டால் அவளுக்கு முன்னால் தானே பத்திரிகைக்குப் போவதாகவும் சொன்னார். ஒப்பந்தம் கையெழுத்தாகி வந்தது.

*

ஜெயராணி மருத்துவமனையில் யாரையும் நம்பவில்லை. ஒரு செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். மயக்க மருந்துக்கு முன்னால் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னபோது, எவ்வளவு நேரம், ஏன், அதற்கு ஈடாக நரம்பில் என்ன ஏற்றுகிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே விட்டாள். சுடர்க்கொடி சிறுநீரக மருத்துவரைக் கூடவே வைத்துக்கொண்டாள். இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்த வேலையை நான்கு நாட்களுக்குப் பிரித்து, ஒவ்வொரு தடவையும் குறைந்த மருந்தில் செய்தார்கள். மூன்றாம் நாள் அவருக்குக் கால் வீங்கியது. அன்று பகல் முழுவதும் சுடர்க்கொடி அவர் கட்டிலைவிட்டு நகரவில்லை. மாலையில் வீக்கம் வடிந்தது. கண் விழித்த அருமைநாயகம், "படம் எடுத்து முடிச்சாச்சா?" என்று கேட்டார். ஜெயராணி செம்பை அவர் வாயில் வைத்தாள்.

புது ஊசியை முதலில் போட்டுக்கொண்டவர்களில் பரிதியும் ஒருவன். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தவன், கரும்பலகை முன்னால் நாள் முழுக்க நின்றேன் என்றான். மூன்றாம் மாதம் வயிற்றின் வரிகள் ஒவ்வொன்றாக அடங்கி, தசை தளர்ந்து, வயிறு மெல்ல முன்னால் வந்தது. தோள்கள் சமமாயின. சாய்வு போயே போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தான். சுடர்க்கொடி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் பிடிச்சுதான் இருக்கா?" என்று கேட்டான்.

அவள் யோசித்தாள். அவனிடம் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"வலி இல்லைங்கிறது பிடிச்சிருக்கு. ஆனா நீ கதவுகிட்ட நிக்கிறப்ப எனக்குள்ள ஒண்ணு நடக்கும். அது இப்ப நடக்கலை. அது உன்னோடது இல்லைன்னு தெரியும். இருந்தாலும் தேடுது."

"இதுவும் அவரோடதுதான்" என்று பரிதி வயிற்றைத் தட்டினான். "என்னோடது எப்படி இருந்திருக்கும்னு எனக்கே தெரியாது. முப்பத்தஞ்சு வயசு ஈர்க்குச்சி எப்படி நிப்பான்னு நாம ரெண்டு பேருமே பார்க்கலை."

அவள் எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடியின் ஒரு பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டு மறுபக்கத்தை மறந்து போட்டுக்கொள்வது அவன் வழக்கம். எந்த ஊசியிலும் வந்ததில்லை அது. அவள் அந்தக் கண்ணாடியை வாங்கி மறுபக்கத்தைத் துடைத்துக் கொடுத்தாள்.

*

'மேனி' நிறுவனம் வாக்கைக் காப்பாற்றியது. நாயகம் என்ற பெயரிலேயே ஊசி வந்தது. நோய் உள்ளவர்களுக்கு மட்டுமே போட்டார்கள். பெட்டியின் மேல் குட்டைக் காலைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். மூன்று வருடங்களில் மாறன்களில் பெரும்பாலோர் நேராகிவிட்டார்கள்.

யாரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. தெருவில், அலுவலகத்தில், கல்யாண வீடுகளில் எங்கே பார்த்தாலும் சமமான தோளும் மிருதுவான வயிறுமாக ஆண்கள் நிதானமாக நடமாடினார்கள். வலியில்லாதவர்களின் முகத்தில் இருக்கும் தெளிவு அவர்களுக்கு இருந்தது. பார்த்தவர்களின் கண் அதற்குப் பழகியது. பிறகு அதையே தேடத் தொடங்கியது. சினிமாவில் வரி வரியான வயிற்றோடு வந்தவர்கள் வில்லன்களாயினர். வேறு நிறுவனங்கள் நாயகத்தைப் பார்த்து அதே மாதிரி ஊசி செய்து, பெயரையும் அப்படியே வைத்து, நோயில்லாதவர்களுக்கும் போடத் தொடங்கின. அதை நிறுத்தச் சொல்லிச் சுடர்க்கொடி போட்ட வழக்கு நடந்துகொண்டிருந்தது.

அவளுடைய மருத்துவமனைக்கும் அப்படிச் சிலர் வந்து கேட்பதுண்டு. முதுகைச் சோதித்துவிட்டு, ஒன்றுமில்லை, போய்வாருங்கள் என்று அனுப்பிவிடுவாள்.

அருமைநாயகம் வருடம் ஒருமுறை சிறுநீரகச் சோதனைக்குச் சென்னை வருவார். அந்த வருடம் அவர் வந்தபோது காத்திருக்கும் இடம் நிறைந்திருந்தது. ஜெயராணி மருந்து வாங்கப் போயிருந்தாள். சுடர்க்கொடி அவரை அழைத்துவர அறைக் கதவைத் திறந்தவள், அங்கேயே நின்றாள். அவருக்கு உப்பையும் கறியையும் நிறுத்தியாகிவிட்டது. வேலையை ஆட்களிடம் விட்டுவிட்டு, காலையும் மாலையும் நடக்கிறார். உடம்பு வற்றி, கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று தொங்கியது. முகம் மட்டும் தெளிவாக இருந்தது.

அவருக்குப் பக்கத்தில் இருபத்தைந்து வயது இருக்கக்கூடிய ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவரைப் பரிவோடு பார்த்து, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

"ரொம்ப மெலிஞ்சிருக்கீங்களே சார். உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல தம்பி. வயசு."

"ஒரு ஊசி போட்டுக்கங்க. உடம்பு நல்லாத் தேறிடும். எங்க அண்ணன் போட்டிருக்கார், ஆளே மாறிட்டார். நானும் அதைக் கேட்கத்தான் வந்திருக்கேன்."

"என்ன ஊசி?"

"நாயகம்."

"அப்படின்னா? யாராவது ஆளோட பேரா?"

"இல்ல சார்" என்றான் அவன். "சும்மா கம்பெனிக்காரங்க வெச்சது."

அருமைநாயகம் கதவருகே நின்ற சுடர்க்கொடியைப் பார்த்தார். ஒன்றும் சொல்ல வேண்டாம் என்பது போலக் கண்ணால் காட்டினார். பிறகு அவன் பக்கம் திரும்பி, "நல்ல பேராத்தான் வச்சிருக்காங்க" என்றார்.